கூஜாத் தண்ணீரில் பிழைத்த கரிசாலை

ரயில்வேயில் தோட்டக்காரனாக இருந்து ஓய்வு பெற்றேன் என்று சொன்னால் சிலர் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். டிரைவர் தெரியும், கார்டு தெரியும், பாயிண்ட்ஸ்மேன்கூடத் தெரியும். ரயிலுக்கும் பூச்செடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. என் வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தச் சம்பந்தத்தால்தான்.

போன மாதம் ஓய்வு பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். இப்போது தோட்டப் பிரிவில் வேலை பார்க்கிற இரண்டு இளைஞர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மேலேயிருந்து அவர்களுக்குப் புது உத்தரவாம். ஒரு பருவம் பூத்து மடிகிற வெளியூர்ச் செடிகள் இனி வேண்டாம், நம் மண்ணில் பிறந்து வருஷக்கணக்கில் நிற்கிற பூச்செடிகளாக வையுங்கள் என்று. “அப்படி என்ன செடி இருக்கு அண்ணாச்சி? அதுக்கு என்ன போட்டு வளக்கணும்?” என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இதே உத்தரவை யுத்தம் நடந்த காலத்தில் தூத்துக்குடி ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்று எனக்கு ஒரு மனிதர் போட்டார். அவரும் நானும் சேர்ந்து அடித்த கூத்தைச் சொன்னால்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பதில் சொன்னதாக ஆகும்.

நான் சாத்தான்குளத்துப் பக்கத்தவன். பனையைத் தவிர வேறெதுவும் தானாக நிமிராத பூமி. வயிற்றுப்பாட்டுக்காக ஏரலில் உறவினர் ஒருவரின் வெற்றிலைக் கொடிக்காலில் சில வருஷம் வேலை செய்தேன். கொடியை எந்தக் கணுவில் நறுக்குவது, எத்தனை விரல் ஆழம் புதைப்பது என்பதெல்லாம் அங்கே கைக்கு வந்தது. அப்புறம் தூத்துக்குடி உப்பளத்தில் கொஞ்ச காலம் கால் வெந்தேன். ஸ்டேஷன் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றபோது, ‘தற்காலிகம்’ என்று அழுத்திச் சொல்லித்தான் சேர்த்தார்கள். தற்காலிகமோ நிரந்தரமோ, குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசியில் காலியாகக் கிடந்த ஓட்டுவீடு ஒன்று கிடைத்தது. ஓர் அறை, பின்னால் சமைக்க ஒரு குசினி. கல்யாணம் முடிந்து முத்துக்கனியை அந்த வீட்டுக்குத்தான் கூட்டி வந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. ஆனாலும் அவளுக்கு அது அரண்மனை.

ஸ்டேஷன் மாஸ்டர் வேலாயுதம் பிள்ளை பாளையங்கோட்டைக்காரர். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. மண்ணைக் கையால் தொடமாட்டார், ஆனால் தோட்டத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். காலை வண்டியை அனுப்பிவிட்டுச் சிவப்பு, பச்சைக் கொடிகள் இரண்டையும் கக்கத்தில் இடுக்கியபடி பாத்தி ஓரமாக நடப்பார். செடி தெளிவாக இருந்தால் பச்சைக் கொடி லேசாக ஆடும். களை கண்ணில் பட்டால் சிவப்பு. நான் தூரத்தில் நின்றாலும் கொடியைப் பார்த்தே இன்றைக்கு எனக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்வேன். செடிகளைப் பற்றிப் பேசுவதும் வண்டிகளைப் பற்றிப் பேசுகிற மாதிரியேதான் இருக்கும்.

“என்னவே செல்லத்துரை, மூணாம் பாத்தி லேட்டா வருது?”

“சிக்னல் கெடைக்கல ஐயா. மேகம் வழியில நிக்கி” என்பேன் நான்.

சிரிக்கமாட்டார். மீசை மட்டும் கொஞ்சம் அசையும்.

அவருக்கு ‘ஆஸ்டர்’ பூ என்றால் பைத்தியம். எந்தக் காலத்திலோ பெங்களூரில் பார்த்தாராம். வருஷா வருஷம் அங்கிருந்து விதை வரவழைப்பார். தொட்டியில் விதைத்து, பூந்துவாலையால் நிழல் கட்டி, பிள்ளையைப் போலப் பார்த்து நாற்றைப் பாத்தியில் நடுவேன். மொட்டு விடுகிற நேரம் பார்த்துக் கடலிலிருந்து கொண்டல் காற்று திரும்பும். அந்த உப்புக்காற்று நாலு நாள் தொட்டால் போதும், நாற்று அத்தனையும் வெந்த கீரை. இரண்டு வருஷம் இதே கதை. இரண்டாம் வருஷம் கருகிய பாத்தியின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் அவர் அந்த உத்தரவைப் போட்டார்.

“வெளியூர்க்காரன் நமக்கு ஆவாது வே. ஆஸ்டர் குடும்பம் பெரிய குடும்பம். செவ்வந்தி, சூரியகாந்தி எல்லாம் அதுல சேத்தி. நம்ம மண்ணுலயே பொறந்து, வெட்டுனாலும் சாவாம, வருஷம் பூரா பூக்க ஒருத்தன் அதுல இல்லாமலா இருப்பான்? அவனப் புடிச்சிட்டு வாரும்.”

“எப்படி அடையாளம் கண்டுபுடிக்க ஐயா?”

“பாத்தா ஒத்தப் பூவா இருக்கும். பிச்சுப் பாத்தா நடுவுல நூறு குட்டிப் பூ ஒண்ணாக் குந்தியிருக்கும். சுத்தி நிக்கதுதான் இதழ் மாதிரித் தெரியும். அதான் அடையாளம்” என்றார். பச்சைக் கொடியையும் ஓர் ஆட்டு ஆட்டினார், வண்டியை வழியனுப்புகிற மாதிரி.

எனக்கு உடனே ஏரல் கொடிக்காலின் வாய்க்கால் கரை கண்ணுக்கு முன்னால் வந்தது. தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, குட்டி வெயில் மாதிரி மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மஞ்சள் கரிசாலை. அதை மிதித்துக்கொண்டுதான் நாங்கள் தண்ணீர் பாய்ச்சுவோம். அடுத்த ஓய்வு நாளில் போய் ஒரு சாக்கை ஆற்றில் நனைத்து, அதில் கொடிகளைச் சுருட்டிக் கொண்டுவந்தேன். பிள்ளைவாள் ஒரு பூவை வாங்கி, கோட்டில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நடுவில் ஒவ்வொன்றாகப் பிரித்தார். குட்டிப் பூக்கள் அவர் உள்ளங்கையில் உதிர்ந்தன. அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்ட தகப்பனின் முகம்.

“அசல் ஆஸ்டர் வே! நம்ம ஊரு ஆஸ்டர்!” என்று பிளாட்பாரமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டார்.

நட்ட விதத்தையும் எழுதிவிடுகிறேன். கேட்ட பிள்ளைகளுக்கு அதுதானே வேண்டும். பயணிகள் வெளியே போகிற கேட்டுக்குப் பக்கத்துப் பாத்தியில் இருந்த உவர்மணலை முழங்கால் ஆழம் அள்ளி வெளியே போட்டேன். அடியில் உடைந்த ஓடும் செங்கல்லும் பரப்பினேன், தண்ணீர் தேங்காமல் இறங்குவதற்கு. மேலே ஆற்று வண்டல், மக்கிய ஆட்டுப்புழுக்கை, இலைச்சருகு. கொடியை மூன்று கணுவுக்கு ஒரு துண்டாக நறுக்கினேன். இரண்டு கணு மண்ணுக்குள் படுக்க வேண்டும், ஒரு கணு வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். குத்தி நிறுத்தக் கூடாது, சாய்த்துப் படுக்க வைத்துக் கட்டைவிரலால் அமுக்க வேண்டும். கொண்டல் வருகிற பக்கம் பனையோலைத் தட்டி கட்டினேன். வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் நாலு கிளை ஓடும். ஓடுகிற கிளையைக் கவட்டைக் குச்சியால் மண்ணோடு சேர்த்துக் குத்திவிட்டால், குத்திய இடத்தில் புதுச்செடி. பூத்து ஓய்ந்ததும் இரக்கமே பார்க்காமல் சாண் உயரத்துக்கு நறுக்கிவிட வேண்டும். நறுக்க நறுக்கத்தான் துளிர்க்கும். போடுவது இவ்வளவுதான். ஒன்றே ஒன்று, தண்ணீர் மட்டும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும்.

அதுதான் எங்கள் ஊரில் கஷ்டம். ஸ்டேஷன் கிணறு உப்பு. நல்ல தண்ணீர் எஞ்சினுக்கு. அதிலிருந்து தோட்டத்துக்கு இரண்டு வாளி என்று பிள்ளைவாள் கணக்கு வைத்திருந்தார். எஞ்சினுக்குத் தண்ணீர் ஏற்றும்போது சிந்துவதையும் விடாமல் தொட்டி வைத்துப் பிடிப்பேன். அந்தத் தண்ணீரிலேயே ஒரு மழைக்காலத்துக்குள் பாத்தி முழுவதும் பச்சையாகி, அதன்மேல் மஞ்சள் விரித்துவிட்டது. கொழும்புக்குப் போகிறவர்கள், பருத்தி வியாபாரிகள், முத்துக்குளிப்பு இல்லாத வருஷங்களில் சங்குக் குளிப்புக்கு வருகிறவர்கள், எல்லாரும் கேட்டைத் தாண்டும்போது ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள். அவர்கள் நிற்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஒரு நாள் காலை பிள்ளைவாள் இரண்டு கொடிகளையும் சுருட்டியபடியே என்னிடம் வந்தார்.

“உக்காரும் வே” என்றார். என்னை அவர் உட்காரச் சொன்னதே இல்லை. பெஞ்சு ஓரத்தில் குந்தினேன், அவரும் உட்கார்ந்தார்.

யுத்தத்தால் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்திருந்த சமயம். இருக்கிற நிலத்தில் எல்லாம் தின்கிற பயிராகப் போடுங்கள் என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. ஸ்டேஷன்களிலும் பூச்செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும், பூந்தோட்டமாகவே இருக்கிற ஸ்டேஷனில் தற்காலிகத் தோட்டக்காரனை நிறுத்திவிட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. ஓர் அதிகாரி ஸ்டேஷன் ஸ்டேஷனாக நேரில் வந்து பார்க்கிறாராம். ஏற்கெனவே ஓரிடத்தில் அவர் நின்ற இடத்திலேயே செடிகளைப் பிடுங்க வைத்து, தோட்டக்காரனிடம் வீட்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று பிள்ளைவாள் சொன்னார். முத்துக்கனிக்கு அப்போது ஐந்து மாசம். வேலை போனால் வீடும் போகும். தலைச்சன் பிள்ளையை எந்தக் கூரைக்குக் கீழே பெறுவாள்?

“அவரு வாரதுக்குள்ள இந்த மண்ணுல கத்திரிக்கா காச்சிருமா?” என்று கேட்டார்.

“இந்தத் தண்ணியில காய்க்காது ஐயா.” சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, “நேத்து எங்க வீட்டுச் சோத்துக்கு இந்தச் செடிதான்” என்றேன்.

பிள்ளைவாள் துள்ளி எழுந்தார். “தின்னீரா? என் ஆஸ்டரத் தின்னீரா?”

“நறுக்கிவிட்டத வீணாக்குவானேன்னு அவ பாசிப்பருப்புப் போட்டுக் கடைஞ்சா ஐயா. எங்க பக்கம் எல்லாரும் திங்கதுதான்.”

“காமாலைக்கு வைத்தியர் குடுப்பார்னுதான் எனக்குத் தெரியும்...” என்று இழுத்தவர் அப்படியே நின்றார். மீசை அசைந்தது. “அப்பம் இது கீரைத் தோட்டம் வே! பூக்கது அதோட இஷ்டம். அதுக்கு நாம என்ன செய்ய?”

இருவரும் சிரித்த சிரிப்பில் பிளாட்பாரத்தில் இடியாப்பம் விற்கிற மரியபுஷ்பம் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தாள். அவள் பெரியதாழைக்காரி. கட்டிக்கொடுத்தது தூத்துக்குடியில். புருஷன் வலைக்குப் போகிறவர். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

பாத்தியின் ஓரத்தை மட்டும் அழகு செய்துவிட்டால் அதிகாரி மனம் இளகும் என்று பிள்ளைவாள் நினைத்தார். வழக்கமாகச் செங்கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அப்போது சுண்ணாம்புக்கும் முடை. “சிப்பி தாரேன், ஐயா. சுண்ணாம்பவிட வெள்ளையா மின்னும்” என்றாள் அக்கா. அவள் புருஷன் கரையிலிருந்து கூடை கூடையாகச் சிப்பி கொண்டுவந்து இறக்கினார். போர்ட்டர்கள், கேட்டில் டிக்கெட் வாங்குகிறவர் உட்பட எல்லாரும் சேர்ந்து பாத்தியைச் சுற்றி வரிசையாகப் பதித்தோம். கூடையோடு வந்த ஈரமணலையும் வீணாக்காமல் ஓரத்தில் நிரவினோம். ஸ்டேஷன் மணி தொங்குகிற மூலைக்கு வந்தபோது சிப்பி தீர்ந்துபோனது. அது யார் கண்ணில் படப்போகிறது என்று விட்டுவிட்டோம். பிள்ளைவாள் தூர நின்று பார்த்துப் பச்சைக் கொடியை இரண்டு தடவை ஆட்டினார். அந்த மாதிரி இரண்டு ஆட்டு நான் அதற்கு முன்னால் வாங்கியதில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. இலை நுனி பழுப்பானது. பழுப்பு விளிம்போரமாக உள்ளே இறங்கி, இலை அப்பளம் போல நொறுங்கியது. என் வேலைக் காலத்தில் எத்தனையோ செடி நோய் பார்த்திருக்கிறேன், அந்தப் பாத்தி போல என்னை அலைக்கழித்தது எதுவும் இல்லை. இலையைத் திருப்பித் திருப்பிப் பூச்சி தேடினேன், இல்லை. எரு சூடோ என்று வேரடியில் கைவிட்டுப் பார்த்தேன், மண் குளிர்ந்துதான் இருந்தது. எஞ்சின் தண்ணீரில் கோளாறோ என்று முத்துக்கனியிடம் அதில் பருப்பு வேகவைக்கச் சொன்னேன். நல்ல தண்ணீரென்றால் பருப்பு மசியும், உப்புத் தண்ணீரென்றால் கல்லாக நிற்கும். பருப்பு வெண்ணெயாக மசிந்தது. காற்று என்று சொல்லவும் வழியில்லை, கொண்டல் இன்னும் திரும்பவில்லை. பிள்ளைவாள் தினமும் சிவப்புக் கொடியோடு வந்து, அதை ஆட்டாமலே திரும்பிப் போனார்.

மத்தியானச் சோறு கொண்டுவந்த முத்துக்கனி பாத்தியையே சுற்றிச் சுற்றி வந்தாள்.

“இங்கேருங்க, மணி தொங்குத மூலை மட்டும் ஏன் சிரிச்சிக்கிட்டு நிக்கி?”

பார்த்தேன். சிப்பி போதாமல் விட்டுப்போன அந்த ஒரு முழம் இடம் மட்டும் பச்சைப் பசேலென்று பூத்து நின்றது. குனிந்து சிப்பி ஓரத்து மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தேன். கரித்தது. கடலிலிருந்து நேராக வந்த சிப்பியும் ஈரமணலும் நான் ஊற்றிய தண்ணீரையே சாக்காக வைத்துக்கொண்டு உப்பைப் பாத்திக்குள் இறக்கியிருக்கின்றன. உப்பளத்தில் கால் வெந்தவனுக்கு உப்புத் தெரியவில்லை பாருங்கள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையும் இல்லை, எனக்கு அடி மட்டும் நன்றாகவே சறுக்கியது.

மரியபுஷ்பம் அக்கா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ மாதாவே! மழ தின்னாத சிப்பியவா அப்படியே வச்சிய? எங்க ஊர்ல சிலுவை நட்ட குருசடியச் சுத்திச் சிப்பி பதிக்கணும்னா முந்தின வருசமே எடுத்துக் கூரையில போட்டுருவோம். ஒரு மழ தின்னாத்தான் அது சிப்பி. அதுவரைக்கும் அது கடலுதான். நீங்க ஊறப்போட்டுத்தான் வைப்பியன்னுல்லா நான் நெனச்சேன்!”

“நீ அத அன்னைக்கே சொல்லப்படாதா ளா?” என்று பிள்ளைவாள் கத்தினார்.

“கொடிய ஆட்டிக்கிட்டு நின்னியளே, என்னயப் பேச விட்டியளா?” என்று அவளும் விடவில்லை.

சிப்பியை எல்லாம் பெயர்த்தோம். மேல்மண்ணை விரல் கனத்துக்குச் சுரண்டி எடுத்தேன். பாத்தியின் தாழ்ந்த பக்கம் சிறு வடிகால் வெட்டினேன். இனி நடுவிலிருந்து ஓரத்துக்கு நல்ல தண்ணீரை விட்டு, விட்டு, உப்பைக் கழுவி வடியவிட வேண்டும். அதற்கு இரண்டு வாளி எந்த மூலைக்கு? யுத்தகாலத்தில் எஞ்சின் தண்ணீரில் அதற்கு மேல் ஒரு செம்பு எடுக்கப் பிள்ளைவாள் சம்மதிக்கமாட்டார். அதில் அவர் சொந்தப் பிள்ளைக்கும் இரங்காதவர். மழைக்கு இன்னும் நாள் இருந்தது, அதிகாரி அதற்கு முன்னால் வருகிறார்.

மறுநாள் காலை வண்டி வந்து நின்றது. தூத்துக்குடியோடு ரயில் லயன் முடிகிறது, எல்லாரும் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்குகிறவர்கள் வழக்கம்போலக் கூஜாவில் மிச்சமிருந்த தண்ணீரைத் தண்டவாளத்தில் கவிழ்த்தார்கள். வழியெல்லாம் ஆற்றுத் தண்ணீர் பிடித்துவந்த கூஜாக்கள்! அதைப் பார்த்த பிள்ளைவாள் கோட்டு பறக்க ஓடினார். ஓடி நான் பார்த்ததில்லை.

“கவுக்காதீங்க! யாரும் கவுக்காதீங்க! டிக்கெட்டக் கேட்டுல குடுங்க, மிச்சத் தண்ணியப் பாத்தியில குடுங்க!”

முதலில் மிரண்டார்கள். அப்புறம் ஒருவரைப் பார்த்து ஒருவர் வரிசை கட்டினார்கள். பித்தளைக் கூஜா, மண்கூஜா, தூக்குச்சட்டி, பிள்ளைக்குப் பால் புகட்ட வைத்திருந்த சங்கடைகூட வந்தது. நான் குனிந்து எந்த இடத்தில் ஊற்ற வேண்டும் என்று கையால் காட்டிக்கொண்டே இருந்தேன். ஏரல் வியாபாரி ஒருவர் செடியை உற்றுப் பார்த்துவிட்டு, “இது எங்க ஊர் வாய்க்கால்ல கெடக்கதுல்லா! எங்க ஊரு தண்ணிய எங்க ஊருச் செடிக்கே ஊத்துதேன், போதுமா?” என்று கூஜாவைத் தலைகீழாகப் பிடித்தார். சிரிப்பு அடங்கவே நேரமானது. தினமும் வருகிற ஆட்கள் அடுத்தடுத்த நாள்களில் வேண்டுமென்றே நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தவனில்லை, அந்தக் கேட்டில் நின்று பார்த்தவன். வடிகாலில் வருகிற தண்ணீரைத் தினமும் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரிப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு நாள் அது வெறும் தண்ணீராகவே இருந்தது. அதற்குள் பட்ட கணுக்களுக்குப் பக்கத்தில் புதுத்துளிர் வந்துவிட்டது. அதிகாரி வருகிற வாரம் பாதிப் பாத்தி மஞ்சளாகவே ஆகிவிட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுப் பார்த்தேன். அழுதேன் என்றே சொல்லலாம்.

அதிகாரி வருகிற அன்று காலை நான் கிளம்பும்போது முத்துக்கனி சட்டிபானைகளைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னளா இது?”

“போகச் சொன்னா, நாலு பேர் பாக்க அழுதுக்கிட்டே கட்ட என்னால ஆவாது. இப்பமே கட்டிட்டா மரியாதயா எறங்கிப் போயிரலாம்லா.” சுருக்கைப் போட்டு இறுக்கினாள்.

அதிகாரி உயரமான மனிதர். சப்பாத்துச் சத்தத்தோடு நேராகப் பாத்திக்கு வந்தார். பூக்களைப் பார்த்தார், பிள்ளைவாளைப் பார்த்தார்.

“பூந்தோட்டம் கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா?”

“இது கீரைத் தோட்டம் சார்” என்றார் பிள்ளைவாள், வண்டி நேரத்தைச் சொல்வது போல.

“எனக்குக் கீரை தெரியும். கீரை இப்படிப் பூத்துக் குலுங்காது.” அவர் என் பக்கம் திரும்பினார். “கீரைதானே? நான் சாப்பாட்டுக்கு இங்கேதான் இருக்கப்போகிறேன். அறுத்துச் சமைத்துக் கொண்டுவா, பார்க்கலாம். கீரையாக இல்லாவிட்டால் சாயங்காலமே வீட்டைக் காலி செய்துவிட வேண்டும்.”

அரிவாளை எடுத்துக்கொண்டு பாத்தியில் குந்தினேன். கூஜா கூஜாவாக ஊற்றிப் பிழைக்கவைத்த துளிர். அறுத்தால் பூ எல்லாம் போகும். அறுக்காவிட்டால் வீடு போகும். பிள்ளைவாள் என் பக்கத்தில் வந்து, கோட்டுக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, முதல் தடவையாக மண்ணில் கை வைத்தார். ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்து, “அறும் வே. நறுக்க நறுக்கத் துளிர்க்கும்னு நீருதானே சொன்னீரு” என்றார். குரல் அவருக்கே கேட்டிருக்காது. கண்ணை மூடிக்கொண்டு முதல் கொத்தை அறுத்தேன். மணி மூலையைக்கூட விடவில்லை. கை நிறையப் பச்சையும் மஞ்சளுமாக அள்ளிக்கொண்டு ஓடி முத்துக்கனியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவள் கொண்டுவந்த கீரைக் கடைசலை அதிகாரி வெயிட்டிங் ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டார். மரியபுஷ்பம் அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் கவளத்தில் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது. அப்புறம் கிண்ணத்தை முத்துக்கனியின் பக்கம் நகர்த்தினார்.

“இன்னும் இருக்கிறதா, அம்மா?”

இருந்தது. அதையும் வழித்துச் சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டு வெளியே வந்து, மொட்டையாகக் கிடந்த பாத்தியின் முன்னால் நின்றார். தண்டுகளைத் தவிர ஒன்றும் இல்லை.

“கீரைதான். ஒப்புக்கொள்கிறேன். இந்த ஆள் இருக்கட்டும்” என்றார் பிள்ளைவாளிடம். பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்து, “மறுபடி எப்போது பூக்கும்?” என்று கேட்டார்.

“மழ விழுந்தா கார்த்திகைக்குள்ள பூத்துரும் ஐயா.”

“அப்போது வருகிறேன். என் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அன்றைக்கு மட்டும் கீரை வேண்டாம்.”

வண்டி கிளம்பியது. பிள்ளைவாள் மண் ஒட்டிய கையோடு பச்சைக் கொடியை ஆட்டிவிட்டுத் திரும்பி, “ஏன் வே மரம் மாதிரி நிக்கீரு? அந்தப் புள்ள அப்பமே வீட்டுக்குப் போயிட்டா. ஓடிப்போய்ச் சொல்லும்!” என்று என்னைப் பிடித்துத் தள்ளினார். நான் குவார்ட்டர்ஸ் வரிசை நெடுக ஓடினேன்.

“ஏளா முத்துக்கனி! வேலை போவல! சாக்க அவுத்துரு!”

குசினியில் கீரைச்சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

“கீரை வைக்கச் சட்டி வேண்டாமா? நீங்க கொண்டுவந்து போட்டப்பவே அவுத்துட்டேன். மறுபடி கட்டதா இல்லன்னு நெனச்சிக்கிட்டுத்தான் கடைஞ்சேன்.”

அவள் கட்டவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அந்த வீட்டில்தான் பிறந்தார்கள்.